செத்துப்போன பென்டிரைவும் ஃபோட்டோரெக்கும்: பைசா செலவில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

பென்டிரைவ் போச்சு என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். கணினியில் சொருகி, விண்டோஸில் டிரைவுகளைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறந்தால் அதன் அளவு சரியாகக் காட்டுகிறதா? 16 ஜிபி டிரைவ் பதினாலு சொச்சம் ஜிபி என்று காட்டினால் பாதி நிம்மதி. பக்கத்தில் ‘ரா’ (கோப்பு அமைப்பு புரியவில்லை என்று அர்த்தம்) என்று போட்டிருந்தாலும் சரி, ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் திரும்பத் திரும்ப நச்சரித்தாலும் சரி, கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயேதான் கிடக்கும், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் கெட்டிருக்கும். ஆனால் அளவே காட்டாமல் ‘நோ மீடியா’ என்று வந்தால், அல்லது சொருகினாலும் எந்தச் சலனமும் இல்லாமல் டிரைவ் மட்டும் கொதித்தால், கீழே நான் எழுதியிருப்பது எதுவும் உதவாது. அது வன்பொருள் கோளாறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த முதல் வகைக் கோளாறுக்கு நான் நம்பிக்கையோடு சொல்லும் மென்பொருள் டெஸ்ட்டிஸ்க், அதோடு ஒரே பொட்டலமாக வரும் ஃபோட்டோரெக். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 7.2 பதிப்பு 2024-இல் வந்தது. நிறுவவே வேண்டாம், ஜிப்பைப் பிரித்து அட்மின் உரிமையோடு ஓடவிட்டால் போதும். விளம்பரம் கிடையாது, மின்னஞ்சல் கேட்காது, ‘உங்கள் 1,200 கோப்புகள் தயார், சேமிக்கப் பணம் கட்டுங்கள்’ என்று கடைசி நேரத்தில் கழுத்தில் துண்டு போடாது. இந்தக் கடைசி விஷயத்துக்காகவே பாதி மதிப்பெண் கொடுக்கலாம், ஏனென்றால் ‘பென்டிரைவ் ரெகவரி’ என்று தேடினால் முதல் பக்கத்தில் வருவதில் பாதி இந்த ரகம்தான். ஸ்கேன் இலவசம், பட்டியல் இலவசம், ‘சேவ்’ பொத்தானை அழுத்தினால்தான் விலைப்பட்டியல் கண்ணில் படும்.

குறையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பார்க்க சகிக்காது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் வேலை செய்யாது, அம்புக்குறியும் என்டரும்தான். கியூஃபோட்டோரெக் என்று ஜன்னலோடு ஒன்றும் கூடவே வருகிறது, பயப்படுகிறவர்கள் அதைத் திறக்கலாம், ஆனால் டெஸ்ட்டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை. கணினியோடு அதிகம் புழங்காதவர் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை இது இல்லை. வீட்டில் கொஞ்சம் விவரம் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சித்தப்பாவின் பென்டிரைவ். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊர்ப் பாட்டிமார்களிடம் போய் தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் சொல்லி செல்போனில் பதிவு செய்து, அதைக் கேட்டுக் கேட்டு வேர்டில் அடித்து வைத்திருந்தார். பாடியவர்களில் சிலர் இப்போது இல்லை. எல்லாம் ஒரே ஒரு பென்டிரைவில். ஏதோ காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, அடுத்த தடவை சொருகினால் ‘ஃபார்மட்’ செய்தி. பக்கத்தில் இருந்த ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே ‘டேட்டா எல்லாம் போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணாதான் டிரைவாவது மிஞ்சும்’ என்று சொல்லி, இவர் யோசிப்பதற்குள் குவிக் ஃபார்மட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். காலி டிரைவோடு என்னிடம் வந்து, “டேய், இதுல இனிமே ஏதாவது இருக்குமாடா?” என்றார். “தொடாம வச்சிருந்தீங்கன்னா இருக்கும் சித்தப்பா” என்றேன். நல்லவேளை, அதன்பிறகு அவர் அதில் ஒரு கோப்பும் ஏற்றவில்லை.

குவிக் ஃபார்மட் என்பது சுத்தமாக அழிப்பது இல்லை, அதனால்தான் அப்படிச் சொன்னேன். ஃபேட் 32 என்ற கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) கொண்ட டிரைவில் அது அழிப்பது கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையையும் மேல்மட்டக் கோப்புறையின் பட்டியலையும் மட்டும்தான். உள்கோப்புறைகளின் பட்டியலும் கோப்புகளின் உள்ளடக்கமும் அப்படியே இருக்கும், யாராவது மேலே எழுதும் வரைக்கும். ‘குவிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போட்டிருந்தால் கதை முடிந்தது, விஸ்டாவிலிருந்து விண்டோஸ் முழு ஃபார்மட்டில் டிரைவ் முழுக்கச் சுழியத்தை எழுதிவிடுகிறது, அதற்கப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் வராது.

வேலையில் இறங்குமுன் ஒரு காரியம் உண்டு. கோளாறான டிரைவில் நேரடியாக மீட்பு மென்பொருளை ஓட்டக்கூடாது. முதலில் அதை முழுசாக ஒரு படிமக் கோப்பாக, அதாவது டிரைவின் அச்சு அசல் நகலாக, வன்தட்டில் இறக்கிக்கொண்டு, அதற்கப்புறம் அந்தப் படிமத்தில்தான் எல்லாச் சோதனையும். டிரைவ் நன்றாக இருந்து அட்டவணை மட்டும் கெட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க்கிலேயே ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘இமேஜ் கிரியேஷன்’ இருக்கிறது, அது போதும். சித்தப்பாவின் டிரைவ் அங்கங்கே மூச்சு முட்டி நின்றது, கொஞ்சம் படிக்கும், அப்புறம் அசையாது, அப்புறம் டிரைவே காணாமல் போகும். இப்படிப்பட்ட நோயாளிக்கு டிடிரெஸ்க்யூதான் சரி. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை இன்னொரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்து கணினியை பூட் செய்தால் டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மூன்றும் தயாராக இருக்கும். டிடிரெஸ்க்யூவின் சாமர்த்தியம் என்னவென்றால் படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, விட்டுப்போன இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது படித்தது, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், அதனால் டிரைவ் நடுவில் துண்டித்துக்கொண்டாலும் பிடுங்கி, ஆறவிட்டு, மறுபடி சொருகி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் சில துளி இடங்களைத் தவிர மற்றதெல்லாம் வந்திருந்தது. டிரைவைக் கழற்றிக் கவரில் போட்டு வைத்தாயிற்று, இனிமேல் அது எப்படிப் போனாலும் பரவாயில்லை.

சிலர் இந்த இடத்தில் விண்டோஸோடு வரும் டிரைவ் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கைப் போடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அதற்குக் கோப்புறை அமைப்பை ஒழுங்காக்குவதுதான் வேலை, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் கவலை இல்லை, ஒழுங்கில் சேராததையெல்லாம் ‘ஃபவுண்ட்’ என்று ஒரு கோப்புறைக்குள் சிஎச்கே நீட்டிப்போடு துண்டு துண்டாகத் தள்ளிவிடும். அதையும் அசல் டிரைவிலேயே எழுதும். படிமம் எடுத்த பிறகு வேண்டுமானால் ஆசை தீர ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது டெஸ்ட்டிஸ்க். ஃபார்மட் ஆகாத டிரைவுகளுக்கு இதுதான் முதல் மருந்து. டிரைவ் சின்னச் சின்னத் துண்டுகளாக, செக்டார்களாக, பிரிந்திருக்கும். ஃபேட் 32-இல் அதன் அமைப்பு விவரம் இருக்கும் முதல் துண்டான பூட் செக்டாருக்கு 6-ஆம் செக்டாரில் ஒரு நகல் இருக்கும், முதல் செக்டார் மட்டும் கெட்டுப்போயிருந்தால் அந்த நகலை எடுத்து மேலே போட்டு நொடியில் டிரைவை உயிர்ப்பிக்கும். பார்ட்டிஷன் (டிரைவில் பிரித்து வைத்த பகுதி) காணாமல் போயிருந்தால் தேடிக் கண்டுபிடிக்கும், ‘பி’ அழுத்தினால் கோப்புகளின் பட்டியல் வரும், அங்கேயே தேர்ந்தெடுத்து வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளலாம், கோப்புப் பெயர், கோப்புறை எதுவும் மாறாது. பலர் செய்யும் தப்பு, பட்டியல் வந்ததும் சந்தோஷத்தில், மாற்றத்தை டிரைவிலேயே எழுதிவிடும் ‘ரைட்’ போட்டுவிடுவது. முதலில் நகலெடுங்கள், சரிசெய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அழித்த கோப்புகளையும் டெஸ்ட்டிஸ்க் காட்டும், ஆனால் ஃபேட்டில் ஒரு கோப்பை அழித்தால் அதன் குறும்பெயரின் முதல் எழுத்தின் மேல்தான் ‘அழிந்தது’ என்ற குறி விழுகிறது, அதனால் சில பெயர்கள் முதல் எழுத்து இல்லாமல் அடிக்கோட்டோடு வரும். நீளப் பெயர் வைத்திருந்தால் தப்பித்தது.

சித்தப்பா டிரைவுக்கு டெஸ்ட்டிஸ்க் கைகொடுக்கவில்லை. அதன் குற்றமும் இல்லை, கடைக்காரர் போட்ட புது ஃபார்மட்டைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, டிரைவ் காலி’ என்றது.

எனவே ஃபோட்டோரெக். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கேமரா படங்களுக்காக ஆரம்பித்தது, இப்போது 480-க்கும் மேற்பட்ட நீட்டிப்புகளை அடையாளம் காணும், வேர்டு, எக்செல், பிடிஎஃப், எம்பி 3, கோரல்டிரா எல்லாம் உண்டு. இது அட்டவணை எதையும் நம்பாது. டிரைவை முதல் செக்டாரிலிருந்து படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தொடக்கத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து ‘இங்கே ஒரு ஜேபெக் ஆரம்பிக்கிறது, இங்கே ஒரு பிடிஎஃப்’ என்று வெட்டி வெட்டி எடுத்து வைக்கும். ஓட்டுவதற்குமுன் ‘ஃபைல் ஆப்ட்’ பகுதிக்குள் போய் ‘எஸ்’ அழுத்தி எல்லா வகைகளையும் அணைத்துவிட்டு, தேவையானதை மட்டும் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் குப்பையும் கூளமுமாக ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அடுத்து கோப்பு முறைமை கேட்கும்போது ‘அதர்’, அப்புறம் ஃபார்மட் ஆன டிரைவாக இருந்தால் முழுசாகத் தேடும் ‘ஹோல்’. எங்கே சேமிப்பது என்று கேட்கும் இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வையுங்கள். ஃபோட்டோரெக்கைப் பிரித்து வைத்திருக்கும் கோப்புறையைத்தான் அது முதலில் காட்டும், யாராவது ஜிப்பை அந்த பென்டிரைவிலேயே பிரித்திருந்தால் மீட்க வேண்டிய கோப்புகளின் மேலேயே மீட்டதை எழுதிக் கெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வந்தது. ‘ரெகப் டிர் 1’, ‘ரெகப் டிர் 2’ என்று வரிசையாகக் கோப்புறைகள், உள்ளே ‘எஃப்’ என்ற எழுத்தோடு ஒரு நீண்ட எண், அதுதான் பெயர். அந்த எண் வேறொன்றும் இல்லை, கோப்பு தொடங்கிய செக்டார் எண். ஃபோட்டோரெக்கின் பெரிய குறை இதுதான், கோப்புப் பெயரும் தேதியும் கோப்புறையும் எதுவும் வராது, ஏனென்றால் அவையெல்லாம் இருந்தது அட்டவணையில், அதை இது பார்ப்பதே இல்லை. ஒப்பாரி ஒலிப்பதிவுகள் எல்லாம் எண்களாக நின்றன. சித்தப்பாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாக ஓடவிட்டேன், முதல் இழுவை காதில் விழுந்ததுமே ஆளைச் சொல்லிவிடுகிறார். “இது மேலத்தெரு அத்தை. இது அவங்க நாத்தனார். இதுல மழை சத்தம் கேக்குதா, அது ஐப்பசியில எடுத்தது.” நான் பெயரை அடித்துக்கொண்டே போனேன்.

சில ஒலிப்பதிவுகள் ஓடவில்லை. செல்போன் ரெக்கார்டர்கள் பல, எம்4ஏ கோப்பின் உள்ளடக்க அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும், பதிவு முடிந்த பிறகுதானே நீளம் தெரியும். கோப்பு டிரைவில் ஒரே தொடராக இல்லாமல் இரண்டு மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தால், ஃபோட்டோரெக் வெட்டிய துண்டுக்கு அந்தக் கடைசிப் பகுதி சேராது, ஒலி உள்ளே இருந்தும் பிளேயர் திறக்க மறுக்கும். எம்பி 3-க்கு இந்த வம்பு குறைவு, பாதி கிடைத்தாலும் பாதி பாடும். ஒரே தடவை எழுதிவிட்டு வைத்திருக்கும் டிரைவில் கோப்புகள் தொடர்ச்சியாக இருக்கும், அதனால் நன்றாகவே மீண்டு வரும். தினமும் அழித்து எழுதி அழித்து எழுதிப் புழங்கிய டிரைவில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வேர்டு கோப்புகளில்தான் எனக்கு அசல் தலைவலி. ஏகப்பட்ட டாக் கோப்புகள், சில டாக்ஸ் கோப்புகள் ஜிப் என்ற நீட்டிப்போடு வந்திருந்தன, பெயரை மாற்றினால் திறந்தன, அது பரவாயில்லை. பெயரில்லாத குவியலில் எது எது என்று உள்ளடக்கத்தை வைத்துத் தேடலாம் என்று ‘தாலாட்டு’ என்று அடித்தால் ஒன்றிரண்டுதான் வந்தது. பாக்கியெல்லாம் சித்தப்பா அந்தக் காலத்தில் டிடிபி சென்டரில் கற்றுக்கொண்ட பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான், யூனிகோடில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எனவே பாமினியில் அந்தச் சொல்லை அடித்து, அது எந்த ஆங்கில எழுத்துகளாக விழுகிறது என்று பார்த்து, அந்தக் கிறுக்கலை வைத்துத் தேடினேன். சரசரவென்று வந்து விழுந்தன. பழைய தமிழ்க் கோப்புகளை மீட்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திறந்ததும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் ‘கரப்ட்’ என்று நினைத்து அழித்துவிட வேண்டாம், முதலில் அந்த எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள்.

படங்களைப் பொறுத்தவரை அவ்வளவு பாடில்லை. ‘டி’ என்ற எழுத்தில் தொடங்குபவை சிறுபடங்கள், அளவு வாரியாக அடுக்கி அழித்துவிடலாம். எக்ஸிஃப்டூல் என்ற கருவி இருந்தால் படத்துக்குள் கேமரா எழுதி வைத்த தேதியையே கோப்புப் பெயராக மாற்றிக்கொள்ளலாம்.

பெயர்கள் முக்கியம் என்றால் ஃபோட்டோரெக்குக்கு முன்னால் டிஎம்டிஇ என்ற இன்னொரு மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள் என்பேன். நான் இரண்டாவதாகத்தான் அதைப் படிமத்தில் ஓட்டினேன். குவிக் ஃபார்மட்டில் தப்பித்த உள்கோப்புறைப் பட்டியல்களை அது தேடிப் பிடித்து, கோப்புறையின் பெயர் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் கோப்புகளை முழுப் பெயரோடு அடுக்கிக் காட்டியது. இலவசப் பதிப்பில் ஒரு தடவைக்கு ஒரு கோப்புறையிலிருந்து 4000 கோப்புகள் வரை எடுக்கலாம், வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம். மேல்மட்டத்தில் தனியாகக் கிடந்தவைக்கு ஃபோட்டோரெக், உள்ளே கிடந்தவைக்கு டிஎம்டிஇ என்று இரண்டையும் சேர்த்துத்தான் சித்தப்பாவின் சேகரிப்பில் பெரும்பகுதி திரும்பி வந்தது. ரெகுவா என்ற மீட்பு மென்பொருள் எல்லோரும் அறிந்ததுதான், சிகிளீனர் செய்த பிரிஃபார்ம் நிறுவனத்துடையது, பார்க்க அழகாக இருக்கும், தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டால் அதுவே போதும். ஆனால் டிரைவ் ‘ரா’ ஆகிவிட்டால் கோப்பு முறைமை தெரியவில்லை என்று கையை விரித்துவிடும், அந்த இடத்தில் அது உதவாது.

இன்னொரு விஷயம், கோப்பு காணோம் என்று வருவதில் ஒரு பங்கு காணாமலே போகாதவை. ஜெராக்ஸ் கடையில் சொருகி எடுத்து வந்தபின் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகிறதா? அது வைரஸ், அசல் கோப்புகளை மறைத்து வைத்துவிட்டு ஷார்ட்கட்டை மட்டும் காட்டுகிறது, சில சமயம் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் தள்ளியிருக்கும். அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்காமல், எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொன்னால் எல்லாம் தெரியும். இதற்குப் போய் மீட்பு மென்பொருள் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இதற்கு நேர்மாறானது ‘2 டிபி’ என்று சில நூறு ரூபாய்க்கு விற்கிற போலி டிரைவ். உண்மையான சில்லு சில ஜிபிதான் இருக்கும், அது நிறைந்த பிறகு காப்பி ஆனதெல்லாம் எங்குமே எழுதப்படவில்லை, பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். இல்லாததை எந்த மென்பொருள் மீட்கும்? புது டிரைவ் வாங்கினால், டிரைவ் முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் என்றால் எஃப்3, ஏதாவது ஒன்றை முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அளவே காட்டாத டிரைவுக்கு வருகிறேன். கீழே விழுந்து இணைப்பு முனை ஆடிப்போயிருந்தால் மொபைல் சர்வீஸ் கடையில் நன்றாக பற்றவைக்கத் தெரிந்தவரே சரிசெய்துவிடலாம், உள்ளே நினைவகச் சில்லு நன்றாகத்தான் இருக்கும். கண்ட்ரோலர், அதாவது நினைவகச் சில்லை மேய்க்கும் இன்னொரு சில்லு, செத்துவிட்டால் கஷ்டம். கண்ட்ரோலர் தரவை நேராக எழுதுவதில்லை, கலைத்து, பிழைதிருத்தக் குறியீடு சேர்த்து, தேய்மானம் சமமாக இருக்க இடம் மாற்றி மாற்றி எழுதுகிறது, அதனால் சில்லைத் தனியே கழற்றிப் படித்தாலும் அதைத் திரும்ப வரிசையாக்க பிசி 3000 ஃபிளாஷ் மாதிரிக் கருவியும் அனுபவமும் வேண்டும். நகம் அளவுக்கு இருக்கும் குட்டி டிரைவுகளில் சில்லும் கண்ட்ரோலரும் ஒரே கட்டியாக வார்த்திருப்பார்கள், அதில் மேல்பூச்சைச் சுரண்டி நூலிழைக் கம்பிகளைப் பற்றவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. ஆனால் கொடுக்குமுன் ‘தரவு வராவிட்டால் கட்டணம் உண்டா, பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, என் டிரைவில் எதையும் எழுதுவீர்களா’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் டிரைவைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என் மதிப்பெண்: டெஸ்ட்டிஸ்க்குக்கு ஐந்துக்கு நாலரை, அந்தக் கறுப்புத் திரைக்காக அரை குறைத்தேன். ஃபோட்டோரெக்குக்கு நாலு, பெயர் தொலைவதற்காக ஒன்று போச்சு. தரவிறக்க கிரெனியேயின் சிஜிசெக்யூரிட்டி தளத்துக்கே போங்கள், வேறு தளங்களில் இதே பெயரில் வேறு எதையாவது ஒட்டி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். பழைய பென்டிரைவை என்ன செய்வது என்று சித்தப்பா கேட்டார், எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினேன், பிழை மேல் பிழை. அதை இனி எதற்கும் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லி, சேகரிப்பை வன்தட்டில் ஒன்றும் கிளவுடில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.